பூட்டை வாசித்தவர்கள்



இலக்கியம் பேசும் இத்தொடரிலே, வீட்டில் படம் பார்க்கப் பயன்படும் டிவிடி இயந்திரத்தைப் பற்றிப் பேசப் புகுவது உங்களிற் சிலருக்கு விசித்திரமாகப் படலாம். நான் பொறியியல் படித்தவன் அல்லன். தமிழ் படித்து, தமிழ் படிப்பித்துக் காலங்கழித்தவன். ஆயினும் அந்த இயந்திரத்தின் பொருட்டு ஒரு நீண்ட கவிதை எழுதப்பட்டிருக்கிறது. ஒரு சஞ்சிகை நீதிமன்றப் படி ஏறியிருக்கிறது. நோர்வே நாட்டில் பள்ளிப் பருவத்துப் பையன் ஒருவனின் வீட்டைப் பொலிஸார் சோதனையிட்டிருக்கின்றனர். இவை எல்லாவற்றுக்கும் நடுவே நின்ற கேள்வி இதுதான்: எனக்குச் சொந்தமான ஒரு பொருளை நான் வாசித்தறியலாமா? வாசித்தறிந்ததைப் பிறருக்குச் சொல்லலாமா? இலக்கியக்காரருக்கு இதைவிட நெருக்கமான கேள்வி வேறொன்று இருப்பதாக நான் கருதவில்லை.

செய்து முடிக்கப்பட்ட ஒரு பொருளைக் கையில் எடுத்து, அதைச் செய்தவனின் உதவியின்றி, அது எவ்வாறு செய்யப்பட்டது என்று பின்னோக்கிச் சென்று கண்டறிவதை ஆங்கிலத்தில் 'றிவர்ஸ் எஞ்சினியரிங்' என்பர். பெயர் புதிது, தொழில் மிகப் பழையது. இலக்கண ஆசிரியன் செய்வதும் இதுவேயன்றோ? மொழி முன்னே பிறந்து, மக்கள் வாயில் வழங்கி, செய்யுளாகவும் வளர்ந்து நின்றது. அதன் வரைபடத்தை எவரும் தொல்காப்பியர் கையிற் கொடுக்கவில்லை. வழங்கிய சொற்களையும் செய்யுள்களையும் பிரித்துப் பிரித்துப் பார்த்து, உள்ளே இயங்கும் விதியை இலக்கண ஆசிரியர்கள் வெளியே எடுத்தனர். உரையாசிரியர்களும் அவ்வாறே செய்தனர். புலவன் இறந்து பல நூற்றாண்டு கழிந்தபின், அவன் செய்யுளைக் கொண்டே அவன் மனத்தை அறிய முயன்றவர்கள் அவர்கள்.

சரி, டிவிடி இயந்திரத்தின் மூடியைக் கழற்றினால் என்ன தெரியும்? இறுவட்டைச் சுழற்றும் ஒரு சிறு மோட்டார், சிவப்பு லேசர் ஒளியைப் பாய்ச்சும் ஒரு கண்ணாடி வில்லை, மின்சாரத்தைப் பக்குவப்படுத்தும் ஒரு பலகை, இவற்றுக்கெல்லாம் தலைமை தாங்கும் இன்னொரு பச்சைப் பலகை. அந்தப் பச்சைப் பலகையின் நடுவே பெரிய சில்லு ஒன்று இருக்கும். இறுவட்டில் உள்ள நுண்ணிய குழிகளைப் படமாகவும் ஒலியாகவும் மாற்றுவது அதன் வேலை. அதன் அயலிலே இன்னொரு சிறிய சில்லு. நம்மவர்கள் 'நிலைபொருள்' என்று தமிழாக்கியிருக்கும் கட்டளைத் தொகுதி அந்தச் சிறிய சில்லினுள்ளேதான் குடியிருக்கிறது. பெரிய சில்லு கை. சிறிய சில்லில் எழுதியிருப்பது மனம். மின்சாரம் போனாலும் அழியாத மனம். ரிமோட்டில் நாம் ஒரு பொத்தானை அழுத்தியதும், 'இவர் கேட்டதைச் செய்', 'இவர் கேட்டதைச் செய்யாதே' என்று தீர்மானிப்பது அந்த எழுத்துத்தான். வாங்கியவனுக்கு அந்த எழுத்து கொடுக்கப்படுவதில்லை. கூடவரும் சிறு கைந்நூலில் பொத்தான்களின் பெயர் மட்டுமே இருக்கும்.

இந்த மறைந்த எழுத்தை வாசிக்க முயன்றவர்கள் உலகின் பல பாகங்களிலும் இருந்திருக்கிறார்கள், இன்னும் இருக்கிறார்கள். அவர்களுடைய முறைகளைப் பற்றி அறிந்தபோது நான் உண்மையிலேயே வியந்து போனேன். பச்சைப் பலகையின் ஓர் ஓரத்தில், எதனுடனும் இணைக்கப்படாமல், மூன்று அல்லது நான்கு ஈயப் புள்ளிகள் வரிசையாக இருப்பதுண்டு. தொழிற்சாலையில் சோதனைக்காக வைத்துவிட்டுப் பின்னர் கைவிடப்பட்ட புள்ளிகள் அவை. அவற்றிலே மெல்லிய கம்பிகளை ஒட்டிக் கணனியோடு இணைத்தால், பல இயந்திரங்கள் விழித்தெழும்போது தம் நிலையைத் தாமே வரிவரியாகச் சொல்லத் தொடங்கிவிடும். எவரும் கேட்கவில்லை என்று எண்ணித் தனக்குள்ளே முணுமுணுக்கும் முதியவரைப் போல. அதற்கும் இணங்காத இயந்திரமாயின், சிறிய சில்லையே பலகையிலிருந்து எடுத்து, வேறொரு கருவியிற் பொருத்தி, உள்ளிருப்பதை முழுமையாகப் பிரதியெடுத்து விடுவர்.

பிரதி கைக்கு வந்ததும் வேலை முடிந்ததாக எண்ணிவிடக்கூடாது. கிடைப்பது இலட்சக்கணக்கான எண்கள். இடைவெளியில்லை, நிறுத்தக்குறியில்லை, தலைப்பில்லை. புள்ளியும் இல்லாமல், சொற்பிரிப்பும் இல்லாமல், அடியும் தெரியாமல் எழுதப்பட்ட ஓர் ஏட்டை நினைத்துக்கொள்ளுங்கள். அத்தகைய ஏட்டை வாசிக்கத் தொடங்குவது எங்ஙனம்?

இவ்விடத்தில் 1837ஆம் ஆண்டு எனக்கு நினைவுக்கு வருகிறது. கல்கத்தா நாணயசாலையில் பணியாற்றிய ஜேம்ஸ் பிரின்செப் என்பவர், அப்போது எவராலும் வாசிக்க முடியாதிருந்த பிராமி எழுத்துகளோடு போராடிக்கொண்டிருந்தார். சாஞ்சியின் கற்கிராதிகளிற் காணப்பட்ட சிறு சிறு கல்வெட்டுகளின் படிகள் அவர் கைக்கு வந்தன. அவற்றை அடுக்கிப் பார்த்தபோது, பெரும்பாலானவை ஒரே இரண்டு எழுத்துகளில் முடிவதைக் கண்டார். கோயிலில் பலர் தனித்தனியாகச் செய்துவைத்த சிறு கல்வேலைகள். எல்லாவற்றின் இறுதியிலும் ஒரே சொல். அது 'தானம்' என்ற சொல்லாகத்தான் இருக்கவேண்டும் என ஊகித்தார். அந்த ஒரு சொல்லிலிருந்து எழுத்துகள் ஒவ்வொன்றாகப் பிடிபட்டன. பின்னர், அக்கல்வெட்டுகளில் வரும் பியதசி என்ற அரசன் அசோகனே என்பதை எடுத்துக்காட்டியவர் நமது இலங்கையிலே சிவில் சேவையில் இருந்த ஜோர்ஜ் டேர்னர். அதற்குச் சான்று தந்தது தீபவம்சம்.

நிலைபொருளை வாசிப்பவர் செய்வதும் இதையேதான். கட்டளைத் தொகுதி சிறுசிறு பகுதிகளால் ஆனது. ஒவ்வொரு பகுதியும் தன் வேலை முடிந்ததும், 'வந்த இடத்துக்குத் திரும்பிப் போ' என்ற ஒரே கட்டளையில் முடியும். எண்களின் காட்டுக்குள் அடிக்கடி திரும்பத் திரும்ப வரும் ஒரு சிறு தொடரைக் கண்டால், அதுவே அந்த முடிப்புக் கட்டளையாக இருக்கலாம். பிரின்செப்பின் 'தானம்' அது. அதைக் கொண்டு பத்திகளைப் பிரித்துவிடலாம். அப்பால், திரையில் தோன்றவேண்டிய சொற்கள் ஆங்காங்கே எழுத்தாகவே பதிந்திருக்கும். 'தவறான வலயம்' என்னும் பொருள்பட ஒரு சொற்றொடர் அகப்பட்டால், அச்சொற்றொடரைத் திரைக்கு அனுப்பும் கட்டளை எது, அதற்கு முன் எந்த எண்ணை எந்த எண்ணோடு ஒப்பிடுகிறது என்று பின்னோக்கிப் போகலாம். பொறுமையான வாசகனுக்கு மட்டுமே கிட்டும் இன்பம் இது.

வலயம் என்று சொன்னேன். டிவிடி 1996ஆம் ஆண்டின் இறுதியில் யப்பானில் முதன்முதலாக விற்பனைக்கு வந்தது. அதனுடன் உலகமும் புதிதாகப் பங்கு பிரிக்கப்பட்டது. அமெரிக்காவும் கனடாவும் முதலாம் வலயம். மேற்கு ஐரோப்பாவும் யப்பானும் இரண்டாம் வலயம். ரஷ்யாவும், ஆபிரிக்காவின் பெரும்பகுதியும், இந்தியத் துணைக்கண்டமும், அதனோடு சேர்த்து நாமும் ஐந்தாம் வலயம். விமானங்களுக்கும் கப்பல்களுக்குமென எட்டாவதாக ஒன்று! ஒரு வலயத்துக்கென அடையாளமிடப்பட்ட இறுவட்டு மற்றொரு வலயத்து இயந்திரத்தில் ஓடாது. ஹொலிவூட் படங்கள் நாட்டுக்கு நாடு வெவ்வேறு நாட்களில் வெளியாவதால், விற்பனையைக் காப்பதற்கு இந்த ஏற்பாடு.

நம்மைப் போலச் சிதறிப்போன சமூகத்துக்கு இது என்ன பொருளைத் தரும் என்பதை அவர்கள் எண்ணியிருக்க மாட்டார்கள். ரொறன்ரோவில் இருக்கும் என் தங்கை மகள் ஒரு முறை எனக்கு ஓர் ஆங்கிலப் படத்தின் இறுவட்டை வாங்கி அனுப்பினாள். கடையில் காசு கொடுத்து வாங்கிய, உண்மையான இறுவட்டு. கொழும்பில் என் இயந்திரம் அதை விழுங்கி, சற்று நேரம் யோசித்து, இது இவ்விடத்துக்கு உரியதல்ல என்று திரையில் எழுதிக் காட்டியது. வெள்ளவத்தையில் ஒரு சிறு கடையிலிருந்த இளைஞரிடம் இயந்திரத்தைக் கொண்டுபோனேன். அவர் மூடியைக்கூடக் கழற்றவில்லை. இறுவட்டுத் தட்டைத் திறந்தார். ரிமோட்டில் சில எண்களை வரிசையாக அழுத்தினார். கைந்நூலில் எங்குமே சொல்லப்படாத ஒரு பக்கம் திரையில் விரிந்தது. அங்கே 5 என்று இருந்ததை 0 ஆக்கினார். "இப்ப இது எந்த ஊர்ப் படமும் பாடும் ஐயா" என்றார். காசும் வாங்கவில்லை. இந்தப் பக்கத்தைத் தொழிற்சாலைக்காரர் தம் தேவைக்காக உள்ளே வைத்திருந்தனர். எங்கோ ஒருவர் நிலைபொருளை வாசித்தோ, ரிமோட்டோடு பல இரவுகள் மல்லுக்கட்டியோ அதைக் கண்டுபிடித்துப் பிறருக்கும் சொல்லியிருக்கிறார். அமெரிக்காவிலேயே 2000ஆம் ஆண்டில் ஏபெக்ஸ் என்னும் பெயரில் விற்பனையான ஒரு மலிவு இயந்திரத்தில், வலயப் பூட்டையும் பிரதித் தடையையும் நீக்கிவிடும் இரகசியப் பக்கம் ஒன்று இருப்பது வெளிப்பட்டு, அந்த இயந்திரத்துக்குப் பெரும் கிராக்கி ஏற்பட்டது.

வலயம் வெறும் ஓர் எண். அதற்கு அப்பால் உண்மையான பூட்டு ஒன்று இருந்தது. இறுவட்டில் உள்ள படம் மறைகுறியாக்கப்பட்டிருந்தது. அந்த முறையைச் சுருக்கமாக சி.எஸ்.எஸ். என்பர். அதன் அமைப்பு சுவையானது. படத்தைத் திறக்கும் திறப்பு அந்த இறுவட்டிலேயே இருக்கிறது. ஆனால் அதுவும் பூட்டப்பட்டு, நானூறுக்கும் மேற்பட்ட சிறு பெட்டகங்களில் ஒரே திறப்பின் பிரதிகளாக வைக்கப்பட்டிருக்கிறது. இயந்திரம் செய்யும் ஒவ்வொரு கொம்பனிக்கும் அவற்றுள் ஒரு பெட்டகத்தைத் திறக்கும் உரிமை. அதற்கு உடன்படிக்கை எழுதிக் கட்டணம் செலுத்தவேண்டும்; இரகசியம் காக்கவேண்டும். லினக்ஸ் என்னும் இலவசக் கணனி முறைமையைப் பயன்படுத்தியவர்களுக்கு அக்காலத்தில் அவ்வாறு உடன்படிக்கை எழுதி மென்பொருள் தருவார் எவருமில்லை. காசு கொடுத்து வாங்கிய படத்தைக் காசு கொடுத்து வாங்கிய கணனியில் பார்க்க அவர்களுக்கு வழியில்லாதிருந்தது.

1999ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 'டி.சி.எஸ்.எஸ்.' என்னும் சிறு நிரல் ஒன்று வெளியாயிற்று. அந்தப் பூட்டைத் திறக்கும் நிரல் அது. மூவர் கூடிச் செய்தது. இருவர் தம் பெயரை மறைத்துக்கொண்டனர். மூன்றாமவர் நோர்வேயைச் சேர்ந்த யோன் லெக் யொஹான்சன். அப்போது அவருக்கு வயது 15. கணனியில் படம் காட்டுவதற்காக ஸிங் என்ற நிறுவனம் உரிமம் பெற்று வெளியிட்டிருந்த மென்பொருளில், தனக்குரிய திறப்பை அந்நிறுவனம் சரியாக மறைத்து வைக்கவில்லை. கதவைப் பூட்டிவிட்டுத் திறப்பை நிலைவாசலில் வைத்ததுபோல. அந்த மென்பொருளைப் பிரித்து வாசித்தவர் கண்ணில் திறப்பும் பட்டது, பூட்டின் பொறிமுறையும் பட்டது. சில வாரங்களுள் பிராங்க் ஸ்டீவன்சன் என்பவர் அந்த மறைகுறி முறையையே ஆராய்ந்து, அதன் பலவீனத்தை வெளியிட்டார். திறப்பின் நீளம் 40 இருமக் குறிகள். ஒரு இலட்சம் கோடிக்கும் மேற்பட்ட சாத்தியங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாலொழியத் திறக்க முடியாது என்றிருக்க வேண்டியது, குறுக்கு வழியில் ஏறத்தாழ மூன்றரைக் கோடி முயற்சியில் திறந்துவிடும் என்று அவர் காட்டினார். அக்காலச் சாதாரண கணனிக்கு அது அரை நிமிட வேலைகூட இல்லை.

2000 ஜனவரியில் நோர்வேப் பொலிஸார் யொஹான்சன் வீட்டைச் சோதனையிட்டுக் கணனியைக் கொண்டு சென்றனர். அதே மாதம் அமெரிக்காவிலே எட்டுப் படநிறுவனங்கள், '2600' என்ற சஞ்சிகை உட்பட, அந்த நிரலைத் தம் தளங்களில் வெளியிட்டவர்கள் மீது நியூயோர்க்கில் வழக்குத் தொடுத்தன. பூட்டைத் தாண்டும் கருவியைப் பரப்புவது 1998ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி குற்றம் என்பது அவர்களின் வாதம். நிரல் என்பது கருவியா, பேச்சா? வழக்கு இந்தப் புள்ளியில் வந்து நின்றது. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கணனி அறிஞர் டேவிட் டூரெட்ஸ்கி சாட்சியாக வந்தார். நிரலை ஒரு கணனி மொழியில் எழுதலாம், அதையே சாதாரண ஆங்கிலத்திலும் சொல்லலாம். இரண்டுக்கும் இடையே எந்த இடத்தில் கோடு கிழிப்பீர்கள் என்பது அவர் எழுப்பிய கேள்வி. நீதிபதி லூயிஸ் கப்லன், நிரலும் ஒருவகையில் கருத்து வெளிப்பாடே என்பதை ஏற்றுக்கொண்டார். எனினும் அது செயலாற்றும் பொருளும் ஆகையால் கட்டுப்படுத்தலாம் எனத் தீர்ப்பளித்தார். அது பரவுவதைத் தொற்றுநோயின் பரவலுக்கு ஒப்பிட்டார். நிரல் இருக்கும் இடத்துக்கு வழிகாட்டுவதுகூடத் தடுக்கப்பட்டது. 2001இல் மேன்முறையீட்டு நீதிமன்றமும் அத்தீர்ப்பை உறுதிசெய்தது.

அப்போதுதான் மக்கள் இலக்கியத்தை நாடினார்கள். சிலர் நிரலைச் சட்டையில் அச்சிட்டு அணிந்தனர். ஒருவர் அதைப் பாட்டாகப் பாடினார். பில் கார்மொடி என்பவர், நிரலின் சுருக்க வடிவத்தை ஒரே எண்ணாக வாசித்தால் அது ஒரு பகாவெண்ணாக அமையும்படி செய்து காட்டினார். 1,401 இலக்கங்கள் கொண்ட எண். ஓர் எண்ணை உச்சரிப்பது குற்றமாகுமா? இவற்றுள் என் மனதைக் கவர்ந்தது 2001இல் சேத் ஷோன் எழுதிய ஹைக்கூத் தொடர். ஐந்து, ஏழு, ஐந்து என்னும் அசையமைப்பில் நானூறுக்கும் மேற்பட்ட ஹைக்கூக்கள். வெறும் எதிர்ப்புப் பாட்டு அன்று. மறைகுறியின் கணிதம் முழுவதும் அதில் முறையாகச் சொல்லப்பட்டிருக்கிறது. தேர்ந்த ஒருவர் அக்கவிதையைப் படித்தே நிரலைத் திரும்ப எழுதிவிடலாம். திறப்பின் எண்களையும் சொற்களாக்கி ஹைக்கூ வடிவத்துக்குள் அசை பிசகாமல் அடக்கியிருக்கிறார். ஹைக்கூ என்றதும் தவளையும் குளமும் நினைவுக்கு வரும் நமக்கு இது புதிது. ஆனால் மருத்துவத்தையும் சோதிடத்தையும் கணக்கையும் யாப்பில் எழுதி மனனம் செய்த தமிழருக்கு அத்துணை புதிதல்ல. நிகண்டு செய்தவர்கள் நம்மவர்கள். காகிதத்திலிருந்து எடுத்துவிடலாம், நாவிலிருந்து எடுக்க முடியாது என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள்.

படைப்பாளிக்கு ஊதியம் வேண்டாமா என்று நேயர்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. வேண்டும். ஒரு படத்துக்குப் பின்னே நூற்றுக்கணக்கான குடும்பங்களின் உழைப்பு இருக்கிறது. எழுதிப் பிழைப்போருக்கு இதை எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் திருட்டு இறுவட்டை ஆயிரக்கணக்கில் அச்சடிக்கும் தொழிற்சாலைக்குப் பூட்டைத் திறக்கவேண்டிய தேவையே இல்லை. பூட்டோடு, பெட்டகங்களோடு, உள்ளது உள்ளபடி பிரதி செய்தால், மூல இறுவட்டு ஓடும் எந்த இயந்திரத்திலும் அது ஓடும். புறக்கோட்டை நடைபாதையில் விற்பனையானவற்றை நோர்வேப் பையன்தான் உண்டாக்கினான் என்பது பொருந்தாது. ஒருமுறை விற்கப்பட்ட படத்தை எந்த இயந்திரத்தில், எந்த ஊரில், எவர் அனுமதியோடு பார்ப்பது என்பதையும் அந்தப் பூட்டு தீர்மானித்தது. ஒரு புத்தகத்தை விற்றுவிட்டு, இன்ன கண்ணாடி அணிந்தே படிக்கவேண்டும் என்று விதிக்கும் பதிப்பாளரை நாம் ஏற்போமா? அமெரிக்காவிலேயே 2006ஆம் ஆண்டில், திரைப்படக் கலை கற்பிக்கும் பேராசிரியர்கள் வகுப்பில் காட்டுவதற்காகப் படத்துண்டுகளை எடுக்கப் பூட்டைத் திறக்கலாம் என்று தனி விலக்கு அளிக்க வேண்டியதாயிற்று. மேற்கோள் காட்டுவதற்கே அனுமதி கேட்க நேர்ந்த ஆசிரியர்களை எண்ணிப் பார்க்கிறேன்.

நோர்வே வழக்குக்கு வருவோம். பிறருடைய பூட்டிய தகவலை உடைத்து அறிந்தார் என்பது யொஹான்சன் மீதான குற்றச்சாட்டு. இரண்டு ஆண்டுவரை சிறை விதிக்க இடமுண்டு. 2003 ஜனவரி 7ஆம் திகதி ஒஸ்லோ நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. அவர் முறைப்படி வாங்கிய இறுவட்டு அது. அதைப் பார்ப்பதற்கு அவருக்கு உரிமை உண்டு. தனக்கு உரிமையுள்ள ஒன்றைத் திறந்தவரைப் பிறர் வீட்டை உடைத்தவராகக் கொள்ளலாகாது என்பது தீர்ப்பின் சாரம். அரச தரப்பு மேன்முறையீடு செய்தது. அதே ஆண்டு டிசம்பர் 22இல் மேன்முறையீட்டு நீதிமன்றமும் விடுதலையை உறுதிசெய்தது. 2004 ஜனவரியில், மேற்கொண்டு வழக்காடுவதில்லை என அரச தரப்பு அறிவித்தது. பொலிஸார் வாசலுக்கு வந்த நாளிலிருந்து ஏறத்தாழ நான்கு ஆண்டுகள். பையன் இளைஞனாகிவிட்டிருந்தான்.

நியூயோர்க் தீர்ப்பு மாற்றப்படவில்லை. ஒரே நிரலை ஒரு நாட்டு நீதிமன்றம் தடுக்க, மறுநாட்டு நீதிமன்றம் அதை எழுதியவரை வீட்டுக்கு அனுப்பியது. பிரான்ஸில் மாணவர்கள் தொடங்கி வளர்த்த வி.எல்.சி. என்னும் இலவசப் படக்காட்டியோடு சேர்ந்து இயங்கும் ஒரு சிறு நிரற்றொகுதி, பூட்டிய டிவிடியை இன்றும் திறந்து காட்டுகிறது. ஷோனின் ஹைக்கூக்களும் இன்றும் படிக்கக் கிடைக்கின்றன. திறப்பைச் சொல்லும் அந்த இடத்தில், இது வணிக இரகசிய ஹைக்கூவோ என்று அடைப்புக்குறிக்குள் குறும்பாக ஒரு கேள்வியையும் போட்டுவைத்திருக்கிறார் கவிஞர்.